அந்தோணியார் தலைக்கு நேர் மேலே

ஜோசப்: ஊசி வருது மதினி. கண்ணப் பாத்துக்கங்க.

இன்னாசி: எங்கன? ஒண்ணையும் காணோமே.

ஜோசப்: வரிச்சுக் கம்புக்கு மேக்கால.

இன்னாசி: குடிசைக்குள்ள நிக்கிறவளுக்கு மேக்க ஏது, கெழக்க ஏது... யாத்தாடி! மூக்கக் கிழிச்சிருக்கும்.

ஜோசப்: கண்ணத்தான் சொன்னேன். மூக்கச் சொல்ல மறந்துட்டேன்.

இன்னாசி: கூரை மேல ஏறுனதும் கொழுந்தனாருக்குக் கிண்டலப் பாரு... ம், ஊசிய உள்ள உருவிட்டேன். திருப்பி எங்கன குத்த?

ஜோசப்: கம்ப நடுவுல விட்டு அந்தப் பக்கமா மேல குத்துங்க. நாரு கம்ப வளைச்சுப் புடிச்சாத்தான் புல்லு அசையாது.

இன்னாசி: உங்க வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த வருசத்துல இருந்து இந்த அந்தோணியார் குடிசைக்கு ஊசி குத்துறேன். எனக்கே பாடமா? இந்தா, வருது பாருங்க.

ஜோசப்: வந்துருச்சு. இழுக்கவா?

இன்னாசி: இழுங்க... இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும் போதும், கம்பு முனகுது.

ஜோசப்: முடிச்சுப் போட்டுட்டேன். இன்னும் ஆறு தையலு.

இன்னாசி: ஆறா? மத்த எட்டு வீட்டுக்காரகளும் அவுக அவுக பாகத்தக் கட்டி முடிச்சு, வேப்பமரத்தடியில டீக் குடிக்கிறாக. நம்ம பாகம் மட்டும் இழுத்துக்கிட்டே கெடக்கு.

ஜோசப்: அவுக பாகம் ஒழுகலையே மதினி. போன வருசம் ஒழுகுனது நம்ம பாகந்தான. நின்னு நெதானமாத்தான் கட்டணும்.

இன்னாசி: ...ஆமா.

ஜோசப்: உங்களுக்குத் தெரியுமா, மலையில ஏலத்தோட்டத்துல கூட அந்தப் பேரு வந்துருச்சு. கங்காணி கூப்புடுறான், 'ஒழுகல் ஜோசப்பு, ஒழுகல் ஜோசப்பு'ன்னு. அவன் மலையாளத்தான். எவன் சொல்லிக் குடுத்தான்னே தெரியல.

இன்னாசி: சிரிக்காதீக.

ஜோசப்: சிரிக்காம என்ன பண்ண? ஊசி வருது.

இன்னாசி: வந்துருச்சு. மேல வெயிலு எப்படி?

ஜோசப்: மண்டையப் பொளக்குது.

இன்னாசி: தலையில துண்டக் கட்டிக்கிற வேண்டியதான?

ஜோசப்: துண்டு ஒண்ணு இருந்துச்சு... போன ஐப்பசியோட போச்சு.

இன்னாசி: அதுக்கப்புறம் ஒரு வருசமா இன்னொண்ணு வாங்கலையாக்கும்? நல்லா இருக்கு கதை. இந்தா, ஊசியப் புடிங்க.

ஜெசி: என்ன மாமா, முடிஞ்சுச்சா? ஸ்பிரேயர் வந்து நிக்குது.

ஜோசப்: வாங்க டீச்சரு. எந்த ஸ்பிரேயரு?

ஜெசி: திராட்சைக்கு மருந்தடிக்கிறதுதான். சுருளி மாமா தோட்டத்துல இருந்து டிராக்டரோட கொண்டாந்தாச்சு. டேங்க்க நாலு தடவ கழுவிட்டாக. அத்த உள்ளயா இருக்காக?

இன்னாசி: இங்கனதான் இருக்கேன் ஆத்தா. அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்துச் சுளுக்கிப் போச்சு. ஏன் ஜெசி, அந்த மிசுனு கூரையப் பிச்சுறாதா?

ஜெசி: பூத்தூறலா மாத்தி, அரை மணி நேரம் அடிக்கச் சொல்லியிருக்கேன். உள்ள ஒரு சொட்டு விழுகக் கூடாது. விழுந்தா நாளைக்கே பேரவைக்காரக தகர ஷீட் போடுறவுகளுக்குப் போன் போட்டுருவாக.

இன்னாசி: பங்குப்பேரவைச் செயலாளரு நீதான. எடுத்துச் சொல்லக் கூடாதா?

ஜெசி: எடுத்துச் சொன்னதாலதான் அத்த இந்தச் சோதனையே! இல்லாட்டிப் போன மாசமே தகரம் ஏறியிருக்கும். அந்தோணியார் சுரூபத்துல தோள்பட்டைப் பெயின்ட் உரிஞ்சத எல்லாரும் போன்ல படம் புடிச்சு வச்சிருக்காக. கூட்டம் போட்டா மொத அதத்தான் காட்டுறாக.

ஜோசப்: தகரம் மட்டும் போட்டா நிக்குமா டீச்சரு?

ஜெசி: நிக்காது மாமா. தகரத்துக்குக் கம்பி வேணும், கம்பிக்குத் தூணு வேணும், தூணு நடணும்னா மண்சொவத்த இடிக்கணும். முன்னாடி ஷட்டர். சாவி சாமியார் பங்களாவுல தொங்கும்.

இன்னாசி: மாதாவே...

ஜெசி: எம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டியாந்து சொவர அளந்தேன் அத்த. ரெண்டு முழம் அகலம். மண்ணையும் வைக்கலையும் மிதிச்சு, ஒரு முழம் ஏத்தி, காயவிட்டு, அடுத்த முழம் ஏத்தியிருக்காக. அந்தக் கோடு இன்னும் தெரியுது. அப்பேர்ப்பட்ட வீட்ட ஜேசிபி வச்சுத் தள்ள விட்டுருவேனா?

ஜோசப்: மொத சாமியாரு மதுரையில இருந்து நடந்து வந்து படுத்த வீடு. இத்தன வருசமும் கூரைய மாத்துனோமே ஒழிய, சொவத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல.

ஜெசி: அது எல்லாருக்கும் தெரியும் மாமா. ஒழுகுதுங்கிறதும் எல்லாருக்கும் தெரியும். கோவிச்சுக்காதீக.

ஜோசப்: கோவமா? எனக்கா? எம் பேரே அதுதான.

ஜெசி: பத்து நிமிசத்துல முடிங்க. நான் போயி அடுப்புச் சாம்பல் அள்ளிட்டு வாரேன். தரை முழுக்கச் சலிச்சு விட்டா, சொட்டு விழுந்த எடம் குழியாத் தெரிஞ்சுரும். யாரும் ஏமாத்த முடியாது.

இன்னாசி: போயிட்டு வா ஆத்தா... போயிட்டாளா?

ஜோசப்: போயிட்டாக. ஊசி வருது.

இன்னாசி: கொழுந்தனாரே...

ஜோசப்: என்ன மதினி?

இன்னாசி: போன வருசம் சபையில எந்திரிச்சு, கத்தாழ நாரு கெடைக்கல, நைலான் கயித்துல கட்டுனேன், அது வெயில்ல தொய்ஞ்சு போச்சுன்னு சொன்னீகளே... நெசமாவா?

ஜோசப்: ஊசியப் புடிச்சீகளா?

இன்னாசி: பேச்ச மாத்தாதீக. அன்னிக்கும் உள்ள நின்னது நாந்தான. என் கைக்கு வந்தது ஊற வச்ச நாரு. விரலெல்லாம் அரிச்சது. நைலான் அரிக்குமா?

ஜோசப்: உங்க கைக்கு வந்தது நாரு. முகட்டுல நைலானு கட்டியிருப்பேன்.

இன்னாசி: ஒழுகுனது முகட்டுலயா? நடுவுலல்ல ஒழுகுச்சு!

ஜோசப்: மதினி, கையி வலிக்குது. ஊசிய அனுப்புங்க.

இன்னாசி: இந்தா... கொழுந்தனாரே, இன்னொண்ணு. அந்தோணியார் தலைக்கு நேர் மேல, ஒரு சாண் கெழக்க தள்ளி, ரெட்டத் தையலாப் போட்டுருங்க.

ஜோசப்: இப்பத்தான் மேக்க கெழக்க தெரியாதுன்னீக?

இன்னாசி: அது... அந்தோணியாரு மொகம் பாக்குற தெசைய வச்சுச் சொன்னேன்.

ஜோசப்: சரியா ஒரு சாணா?

இன்னாசி: ஒழுகுனத மொத பாத்தவ நாந்தான? எனக்குத் தெரியாதா?

ஜோசப்: சொட்டுற எடம் வேற, ஓட்டை இருக்குற எடம் வேற மதினி. தண்ணி கம்பு வழியா ஓடிப் போயி எங்கயோதான் சொட்டும். ஓட்டை எங்கன இருந்துச்சுன்னு மேல ஏறுன ஆளுக்குத்தான் தெரியும்.

இன்னாசி: சரி சரி, ஊசிய அனுப்புங்க.

ஜோசப்: சும்மா சொன்னேன். ரெட்டத் தையலே போடுறேன். ஊசி வருது.

இன்னாசி: வந்துருச்சு... உங்க அண்ணே இருந்திருந்தா இப்ப அவுகதான் மேல இருப்பாக.

ஜோசப்: ஆமா. என்னயக் கீழ நிக்க விட்டு வைவாக.

இன்னாசி: அவுக போன பெறகு இந்த அந்தோணியார் குடிசைச் சாவிய யாருகிட்டக் குடுக்கன்னு பேசுனாகளே... அன்னிக்கு நீங்க வாயத் தொறக்கவே இல்ல. பொம்பளைகிட்ட இருக்கட்டும், ஆனா ஒரே ஒரு தடவ சாவி தவறுச்சுன்னாலும் கொழுந்தன் வீட்டுக்குப் போயிரணும்னு முடிவு பண்ணுனாக. நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீக. அன்னையில இருந்து அந்தச் சாவிய முந்தானையில முடிஞ்சுக்கிட்டே திரியுறேன். தூங்கும்போது கூட.

ஜோசப்: சபையில பேசணும்னுதான் வந்தேன் மதினி. எந்திரிக்கப் போகயில அண்ணே பேர வாசிச்சாக. அப்படியே உக்காந்துட்டேன். அம்புட்டுத்தான்.

இன்னாசி: ...அப்பவே சொல்லியிருக்கலாம்ல?

ஜோசப்: கடைசித் தையலு. இழுக்கவா?

இன்னாசி: இழுங்க. நல்லா இழுங்க.

ஜெசி: சாம்பல் கொண்டாந்துட்டேன். அத்த, சொவரோரமா ஒதுங்கி நில்லுங்க. மாமா, எறங்கிருங்க, மோட்டாரப் போடப் போறோம்.

ஜோசப்: நான் முகட்டுலயே இருக்கேன் டீச்சரு. தண்ணி எங்கயாச்சும் தேங்குதான்னு பாக்கணும்.

ஜெசி: நனைஞ்சுருவீக!

ஜோசப்: இவ்வளவு நாளு ஒழுகுனவன், ஒரு நாளு நனையட்டும்.

ஜெசி: சரி உங்க பாடு. ஏலே, போடுங்கப்பா மோட்டார! அத்த, நீங்க அந்தோணியார் பக்கம் பாருங்க. நான் இந்தப் பக்கம் பாக்குறேன்.

இன்னாசி: என்ன இந்த இரைச்சல் இரைக்குது... மழை கூட இப்படிப் பேஞ்சதில்லையே.

ஜெசி: அஞ்சு நிமிசம் ஆச்சு. ஒண்ணும் இல்ல.

இன்னாசி: எனக்குப் பயமாருக்கு ஜெசி.

ஜெசி: எனக்குந்தான். வெளிய சொல்லிறாதீக.

இன்னாசி: எறவானத்துல ஊத்துற சத்தம் கேக்குது. வெளியதான ஊத்துது?

ஜெசி: வெளியதான். எறவானத்துல ஊத்துனா நல்லது, தண்ணி புல்லு மேலயே வழிஞ்சு எறங்குதுன்னு அர்த்தம். மாமா! மேல எப்படி இருக்கு?

ஜோசப்: குளிருது!

ஜெசி: கூரையக் கேட்டேன்!

ஜோசப்: கூரை என்னய விட நல்லாருக்கு!

இன்னாசி: இருபது நிமிசம் இருக்குமா?

ஜெசி: பதினேழு.

இன்னாசி: ஜெசி... ஜெசி! இங்க பாரு. இங்கன... சாம்பல்ல ஒரு குழி.

ஜெசி: எங்க?

இன்னாசி: அந்தா, அந்தோணியார் காலுக்கு முன்னாடி... அய்யோ இன்னொண்ணு! போச்சு. எல்லாம் போச்சு. எங் கொழுந்தனார் பேரும் போச்சு, வீடும் போச்சு.

ஜெசி: இருங்க அத்த, மேல பாப்போம். கம்பு காய்ஞ்சுதான் கெடக்கு... புல்லும் காய்ஞ்சுதான் இருக்கு... எங்க இருந்து சொட்டுது?

இன்னாசி: மூணாவது சொட்டு!

ஜெசி: அத்த, கைய நீட்டுங்க.

இன்னாசி: எதுக்கு?

ஜெசி: நீட்டுங்கங்கிறேன்... கையில என்ன வச்சிருக்கீக?

இன்னாசி: மிச்ச நாரு...

ஜெசி: காலையில இருந்து தண்ணியில ஊறுன நாரு! அதப் போட்டு முறுக்கிக்கிட்டு நின்னா அதுல இருந்துதான் சொட்டும்! உசுரே போச்சு அத்த எனக்கு!

இன்னாசி: அய்யய்யோ... நாரா? இதுவா? யேசுவே, நாரா இது!

ஜோசப்: என்ன அங்க சத்தம்? ஒழுகுதா?

ஜெசி: உங்க மதினிதான் ஒழுகுறாக மாமா! கூரை ஒழுகல!

ஜோசப்: என்னது?

ஜெசி: ஒண்ணும் இல்ல, உக்காந்திருங்க! அத்த, அந்த நாரக் கதவுக்கு வெளிய போடுங்க மொத. சிரிப்ப நிப்பாட்டுங்க... எனக்கும் வருது...

இன்னாசி: அழுகையும் வருது ஆத்தா. ரெண்டும் சேந்து வருது.

ஜெசி: இருபத்தஞ்சு... ஏலே, இன்னும் அஞ்சு நிமிசம் அடிங்கப்பா, கொறை வைக்காதீக! அப்புறம் கணக்குல கொறையுதும்பாக.

இன்னாசி: ஒண்ணும் விழுகலையே?

ஜெசி: ஒரு பொட்டு இல்ல. இருபத்தொம்போது... முப்பது! நிப்பாட்டுங்க!

இன்னாசி: நின்னுருச்சா?

ஜெசி: நின்னுருச்சு அத்த. மூணு குழி, மூணும் உங்க கைக்குழி. பேரவை ஆளுக எல்லாரும் வந்து பாத்துக்கிறட்டும். மாமா, கேக்குதா? ஒரு சொட்டு இல்ல! ஷீட்டும் இல்ல, ஷட்டரும் இல்ல!

ஜோசப்: கேட்டுச்சு டீச்சரு... கேட்டுச்சு.

ஜெசி: நான் போயி எல்லாருகிட்டயும் சொல்லிட்டு, கோயில் மணிய அடிக்கச் சொல்றேன். மாமா, இனிமே எவனாச்சும் ஒழுகல்னு கூப்புட்டா எங்கிட்டச் சொல்லுங்க, முட்டி போட வைக்கிறேன்.

இன்னாசி: ஓடுறதப் பாரு. டீச்சரு மாதிரியா ஓடுறா... கொழுந்தனாரே.

ஜோசப்: ம்.

இன்னாசி: எறங்கிட்டீகளா?

ஜோசப்: எறங்கத்தான் போறேன். வெடவெடங்குது.

இன்னாசி: எறங்காதீக. கொஞ்சம் அங்கனயே இருங்க.

ஜோசப்: ஏன் மதினி?

இன்னாசி: மொகத்தப் பாத்தா எனக்குச் சொல்ல வராது. நடுவுல கூரை இருக்கட்டும்.

ஜோசப்: மறைவுல இருந்து பாவத்தச் சொல்ல, இது என்ன பாவசங்கீர்த்தனத் தொட்டியா?

இன்னாசி: அப்படித்தான்னு வச்சுக்கங்க. சாமியார்கிட்டக் கூட நான் இதச் சொன்னதில்ல... போன வருசம் கூரைய ஒழுக விட்டது நாந்தான். ஐப்பசி மாசம், திராட்ச வெட்டு நடந்துச்சே, அப்ப ஒரு நாளு மத்தியானம். பீடத்தத் தொடைக்க வந்தேன். சாவிய அந்தோணியார் பக்கத்துல வச்சுட்டு, நெனப்பு இல்லாம வெளிய வந்து பூட்ட அமுக்கிட்டேன். அந்தப் புதுப் பூட்டு அமுக்குனாலே பூட்டிக்கிருது. சாவி உள்ள. நான் வெளிய.

ஜோசப்: இன்னொரு சாவி சாமியார் பங்களாவுல இருக்குமே.

இன்னாசி: போயிக் கேட்டா? ஊருக்கே தெரிஞ்சுரும். ஒரே ஒரு தடவ தவறுனாப் போதும்னுதான சொல்லியிருக்காக. உங்க அண்ணே கையால வாங்குன சாவி கொழுந்தனாரே... அத உங்க வீட்டுல கொண்டாந்து குடுக்க எனக்கு மனசு வரல. மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு அது மேல ஆசைன்னு நெனச்சேன்.

ஜோசப்: எனக்கு எதுக்கு மதினி சாவி? வருசத்துல எட்டு மாசம் ஏலத்தோட்டத்துல கெடக்குறவன்.

இன்னாசி: அது இப்பத் தெரியுது. அன்னிக்குத் தெரியலையே... அந்தோணியாருகிட்டத்தான் அழுதேன். காணாமப் போனதக் கண்டுபுடிச்சுக் குடுக்குறவுகதான நீங்க, இது கண்ணு முன்னாடி இருக்கு, எடுத்துக் குடுக்க மாட்டீகளான்னு கதவுச் சந்து வழியாக் கேட்டேன். அப்புறம் முருங்கக்கா பறிக்கிற தொரட்டி நெனப்பு வந்து, வீட்டுக்கு ஓடிப் போயி எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா...

ஜோசப்: வந்து பாத்தா?

இன்னாசி: பின்பக்கத்துச் சொவத்துல ஒரு ஏணி சாஞ்சு நிக்குது! போகும்போது இல்ல. சத்தியமா இல்ல. சுத்திப் பாத்தேன், ஒரு ஈ காக்கா கெடையாது. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. மேல ஏறி, புல்ல ரெண்டு கையாலயும் வெலக்கி, தொரட்டிய உள்ள விட்டு, சாவில கட்டியிருந்த செவப்புக் கயித்தக் கொக்கியில மாட்டித் தூக்கிட்டேன். புல்லப் பழையபடி அமுக்கித்தான் விட்டேன்... நாரு அத்துருந்தத நான் பாக்கல. பத்தாம் நாளு மழை. நீங்க கட்டுன பாகம். நீங்க எந்திரிச்சு நைலானுன்னீக. நான் வாயத் தொறக்கல. உங்களக் கல்லுன்னு சொன்னேனே, நாந்தான் கல்லு.

ஜோசப்: அழுகாதீக மதினி.

இன்னாசி: ஒரு வருசம் உங்களப் பேரு சொல்லிச் சிரிச்சாக, நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்... இன்னிக்குச் சாயங்காலம் எல்லாரு முன்னாடியும் சொல்லிருறேன். சாவிய எடுத்தா எடுத்துக்கிறட்டும். ஆனா அந்த ஏணிய மட்டும் நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது அந்தோணியாரு எனக்குக் குடுத்தது. மறுநா வந்து பாத்தேன், காணோம். நம்ப மாட்டீக, மூணாவது படி ஆடுதுன்னு அதுல ஒரு வெள்ளத் துண்ட வேற இறுக்கிச் சுத்தி அனுப்பியிருந்தாக. எறங்கயில அது அவுந்து கையோட வந்துருச்சு. தொவச்சு மடிச்சு அவுக காலடியிலயே வச்சிருக்கேன். செவ்வாக்கெழமை செவ்வாக்கெழமை அதுக்கும் சேத்து ஒரு மெழுகுதிரி... நம்பலையா?

ஜோசப்: நம்புறேன் மதினி... அன்னிக்கு நான் இந்தா இந்தத் திராட்சப் பந்தலுக்குள்ளதான் கொலை வெட்டிக்கிட்டு இருந்தேன். நீங்க கதவப் புடிச்சு உலுக்குனதையும் பாத்தேன், தலையில அடிச்சுக்கிட்டதையும் பாத்தேன். நேர்ல வந்து நின்னா, சாவியப் புடுங்க வந்துட்டான்னு உங்க ஈரக்கொலையே நடுங்கிருக்கும். அதான் நீங்க அந்தப் பக்கம் ஓடவும் ஏணியச் சாச்சு வச்சுட்டு, திரும்பப் பந்தலுக்குள்ள பூந்துட்டேன். நீங்க போன பெறகு ஏறிப் பாத்தேன், நாரு அத்துக் கெடந்துச்சு. உடனே தச்சுருக்கணும்... ஆனா உள்ள நின்னு ஊசி வாங்க ஆளு வேணுமே? சாவி இருக்குறது உங்ககிட்ட. உங்களத்தான் கூப்புடணும். கூப்புட்டா நான் பாத்தது தெரிஞ்சு போகும். அதான் ஒழுகுனா ஒழுகட்டும்னு மலைக்கு ஜீப் ஏறிட்டேன். சபையில ஒண்ணும் சொல்ல வேணாம், நைலான் நைலானாவே இருக்கட்டும். இப்ப அதே ஏணியிலதான் எறங்கப் போறேன், மூணாவது படி இன்னும் ஆடுது, வந்து புடிச்சுக்கங்க... வரும்போது அந்தோணியார் காலடியில இருக்குற என் துண்ட எடுத்துட்டு வாங்க மதினி, தலை தொவட்டணும்.